பெயர் வெட்டாத பாத்திரம்

நார்வேயின் ஸ்தவாங்கரில் பெட்ரோலியப் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வோல்வே தரவை எக்ஸ்ஃபேட் டிரைவில் வைத்திருக்கிறேன். லினக்ஸ் லேப்டாப்பில் சொருகினால் தானாகத் திறந்தது, எழுதவும் முடிந்தது. எப்போதும் ஒரே இடத்தில் மவுண்ட் ஆகட்டும் என்று எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். அப்போதிலிருந்து படிக்கத்தான் முடிகிறது. சிஎச்மாட் 777 போட்டும் அசையவில்லை. டிரைவ் கெட்டுவிட்டதா?”

கெடவில்லை. வோல்வே, ஸ்தவாங்கருக்கு மேற்கே சுமார் 200 கி.மீ. தொலைவில் வடகடலில் 2008 முதல் 2016 வரை இயங்கிய எண்ணெய் வயல். அதன் ஏறத்தாழ 40,000 கோப்புகளை எக்வினார் நிறுவனம் 2018இல் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் திறந்துவிட்டது. நில அதிர்வுக் கோப்புகள் பெரியவை. 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை ஃபேட்32 ஏற்காது. விண்டோஸிலும் திறக்க வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் நல்ல தேர்வுதான்.

எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் வீட்டு வழக்கம். லினக்ஸின் எக்ஸ்ட்4 அப்படிப்பட்ட பாத்திரம்: கோப்பு யாருடையது, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதெல்லாம் டிரைவிலேயே பொறித்திருக்கும். எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளருக்கென்று ஓர் இடமே கிடையாது. லினக்ஸோ உரிமையாளர் இல்லாத கோப்பை ஒத்துக்கொள்ளாது. ஆகவே மவுண்ட் ஆகும் கணத்தில் கர்னல் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே பெயர்ச்சீட்டை ஒட்டிவிடுகிறது. அந்தச் சீட்டு இருப்பது கணினியின் நினைவகத்தில். திரையில் கோப்புக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் பளிச்சென்று தெரியும். டிரைவை அணு அணுவாகத் துழாவினாலும் அந்தப் பெயர் அகப்படாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

சீட்டில் யார் பெயர்? டெஸ்க்டாப் தானாக மவுண்ட் செய்யும்போது, லாகின் செய்திருப்பவர் பெயரை ஒட்டச் சொல்கிறது. எஃப்எஸ்டேப் வழியே போனால் மவுண்ட் செய்பவர் ரூட், அதாவது கணினியின் நிர்வாகி. வேறு சொல்லாவிட்டால் எல்லாம் ரூட்டின் சொத்து. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் என்று 777 போட்டுப் பயனில்லை, அதை எழுதிவைக்க டிரைவில் இடம் ஏது? எஃப்எஸ்டேப் வரியிலேயே சொல்ல வேண்டும்: யுஐடி=1000 (பயனர் எண்), ஜிஐடி=1000 (குழு எண்), டிமாஸ்க்=022 (ஃபோல்டருக்கு), எஃப்மாஸ்க்=133 (கோப்புக்கு).

மாஸ்க் அனுமதியைக் கொடுப்பதில்லை, பிடுங்குகிறது. 777இலிருந்து 133 போனால் 644: கோப்பை நீங்கள் படிக்கலாம், எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். ஃபோல்டருக்கு 022தான் போகும், மீதி 755. ஃபோல்டருக்குள் நுழையவே ‘இயக்கும்’ அனுமதி வேண்டும். தரவுக் கோப்புக்கு அது வேண்டாம். இரண்டு மாஸ்க் இருப்பது அதனால்தான்.

எக்ஸ்ட்4இல் பொறித்திருப்பதும் பெயரல்ல, எண். உபுண்டுவில் முதல் பயனர் எண் 1000. யாழ்ப்பாணத்தில் பெயருக்குப் பதில் வீட்டு எண்ணை வெட்டிய குடம் ஒன்று ஸ்தவாங்கருக்கு வருகிறது என்று வையுங்கள். இங்கே அதே எண்ணுள்ள வீட்டுக்காரர் “என் குடம்” என்று எடுத்துப்போய்விடுவார்; கொண்டுவந்தவர் வாசலில் நிற்பார். எக்ஸ்ட்4 டிரைவ் ஒன்றை நண்பரின் கணினியில் சொருகினால் நடப்பது இதுவே. எக்ஸ்ட்4இடம் யுஐடி=1000 என்றால் மவுண்டே ஆகாது; சிஎச்ஓன் கட்டளையால் எண்ணை அழித்து வெட்ட வேண்டும். 2021இல் வந்த லினக்ஸ் 5.12 முதல், வெட்டிய எண்ணைத் தொடாமல் வேறு எண்ணாக வாசிக்கவும் வழியுண்டு.

இந்த வேறுபாட்டின் வரலாறு சிறியது. லினக்ஸுக்கு முன்மாதிரியான, பெல் ஆய்வகத்தில் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ், பலர் ஒரே கணினியைப் பங்கிட்ட இடத்தில் வளர்ந்தது. எக்ஸ்ஃபேட்டின் முன்னோடியான ஃபேட் 1977இல் மைக்ரோசாஃப்டில் பிறந்தபோது ஒரு மேசை, ஒரு கணினி, ஒரே ஆள்.

“லினக்ஸ் அனுமதி போட்டிருக்கிறேன், டிரைவ் பத்திரம்” என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். தன் கணினியில் ரூட்டாக இருக்கும் எவரும் அந்த டிரைவைச் சொருகி எல்லாவற்றையும் படிக்கலாம். வோல்வே ஊருக்கே திறந்த தரவு. அதே டிரைவில் பாஸ்போர்ட் நகலும் கிடந்தால் லக்ஸ் மறையாக்கம் வேண்டும்.

வாசகருக்கு: ஐடி என்று அடித்து உங்கள் எண்ணைப் பாருங்கள். வரியில் நோஃபெயில் என்பதையும் சேருங்கள்; இல்லையென்றால் டிரைவ் சொருகாத நாளில் லேப்டாப் 90 விநாடி காத்திருந்து அவசர நிலையில் போய் நிற்கும். பிறகு அன்மவுண்ட் செய்து, மறுபடி மவுண்ட் செய்யுங்கள். ரீமவுண்ட் போதாது, பழைய சீட்டு அப்படியே இருக்கும்.