கரைக்கடல் என்னும் தேர்வுக்கூடம்

ஆழ்கடலே அச்சத்துக்குரியது, கரைக்கடல் எளியது என்பது நம்மவர் பலரின் எண்ணம். நீரடியில் ஆளின்றித் தானே இயங்கும் ஊர்திகளைப் பொறுத்தவரை உண்மை வேறாக இருக்கின்றது.

1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இத்தகைய ஊர்தியொன்றைக் கடலாராய்ச்சிக்கென உருவாக்கினர். 2003-இல் ஈராக்கின் உம் கசர் துறைமுகத்தில் கடற்கண்ணிகளைத் தேட றீமஸ் என்னும் சிற்றூர்திகள் இறக்கப்பெற்றன. நம் அயலில், விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆய்வுகூடம் ஆட்கள் தூக்கிச் செல்லத்தக்க ஊர்திகளை இதே பணிக்கென ஆக்கியமை 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

இவ்வூர்திகளுக்கு நேரும் இடர்ப்பாடு யாது? வானொலி அலை கடல்நீருள் நெடுந்தொலை ஊடுருவாது. ஆதலின் செயற்கைக்கோளின் வழிகாட்டல் நீர்மட்டத்தோடு நின்றுவிடும். ஊர்தி தன் வேகத்தையும் திசையையும் தானே அளந்து இருக்குமிடத்தைக் கணித்தல் வேண்டும். அக்கணிப்பிற் புகும் சிறுபிழையும் நேரம் செல்லச் செல்லப் பெருகும். கண்ணுக்கு ஈடாக நிற்பது ஒலி. நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் விரையும் அவ்வொலி, மோதி மீளும் எதிரொலியால் கடற்றரையைப் படமாக வரைகின்றது.

பாக்கு விரிகுடாவிலோ பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீற்றரை எட்டாது. ஒலி நீர்ப்பரப்பிலும் தரையிலும் மாறிமாறி மோத, எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். எங்கள் சரவணை அமைந்த வேலணைத் தீவைச் சூழ்ந்த நீரில் இத்தகைய ஊர்தியொன்று இறங்கின் என்னாகும் என எண்ணிப் பார்க்கின்றேன். சோளகக் காற்றுக் கலக்கிய நீரில் அதன் ஒளிப்படக் கருவி குருடாகும். சாதாழை சுழல்விசிறியிற் சுற்றும். களங்கண்ணித் தடிகளும் வலைகளும் வழிமறிக்கும்.

ஆகவே, ஊர்தி ஓடுகின்றதா என்று பார்ப்பதோடு சோதனை முடிவதில்லை. வெடிமருந்தற்ற போலிக் கண்ணிகளைக் குறித்த இடங்களில் இட்டு, எத்தனையைக் கண்டது, எத்தனையைத் தவறவிட்டது, எத்தனை கற்களைக் கண்ணியென மயங்கியது என்று கணக்கிடுதல் வேண்டும். ஒன்றைத் தவறவிடின் கப்பலுக்கு அழிவு. கல்லையெல்லாம் கண்ணியென்றால், அவற்றைச் சரிபார்க்கச் சுழியோடி வீணே இடருள் இறங்குவான். வாடையில் தேறிய ஊர்தி சோளகத்தில் தோற்கவுங் கூடும்.

மனிதன் புகவேண்டிய மரணவாயிலில் எந்திரத்தைப் புகுத்துதல் அறமே. எனினும், கண்ணியைக் காணும் அதே கருவி உளவுக்கும் பயன்படும் என்பதை மறத்தலாகாது. போரின் துயரை நெடுங்காலம் சுமந்த எம் கடலில் இத்தகைய சோதனை நிகழுமாயின், அதன் நாளும் எல்லையும் மீனவர்க்கு முன்னரே தெரிவிக்கப்படல் வேண்டும். அறுந்த வலையொன்று ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிடும்.

மேலும், சங்கு குளிப்போரும் கடலட்டை பிடிப்போரும் அடித்தளத்தின் சேற்றையும் மணலையும் நீரோட்டத்தையும் உடலால் அறிந்தவர்கள். அவர்களைக் கேட்டறிந்து சோதனையை வகுத்தல் பொறியியலாளர்க்கு இழுக்கன்று. நம் ஆசிரியர்களும் ஒலியியற் பாடத்தைப் புத்தகத்தோடு நிறுத்தாது, மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வாராக. அவ்வறிவியலின் கடினமான வினாக்கள் அங்கேதான் கிடக்கின்றன.