இழுப்பது பெரிதல்ல, நிறுத்துவதே பெரிது

புத்தூரிலிருந்து ரேணிகுண்டா போகும் நெடுஞ்சாலையில் வடமாலபேட்டை அருகே அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும். செங்கல்லோ கரும்போ வைக்கோலோ ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர்கள் வரிசையாகப் போகும். அதே வழியில் புத்தூர், தடுக்குப்பேட்டை, பூடி, ரேணிகுண்டா என்று சென்னை – மும்பை இருப்புப்பாதையும் போகிறது. அதில் ஐம்பதுக்கு மேற்பட்ட வாகன்களைக் கோத்த சரக்கு ரயில் ஒன்று கடந்து போகும்.

இரண்டிலும் நடப்பது ஒரே வேலைதான். முன்னால் இருப்பது இழுக்கிறது, பின்னால் இருப்பது தொடர்ந்து வருகிறது. ஆனால் ரயிலின் டிரைவர் பிரேக் போட்டால் கடைசி வாகன் வரை பிரேக் பிடிக்கிறது. டிராக்டரின் பின்னால் போகும் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. முழுச் சுமையையும் முன்னால் இருக்கும் வண்டி ஒன்றே தாங்கி நிறுத்த வேண்டியிருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். நடுத்தர அளவுள்ள டீசல் எஸ்.யு.வி. வாங்கி, விடுமுறைக்குக் காரவானையோ படகையோ பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்புவது அங்கே சாதாரணம். இங்கேயும் ஜெனரேட்டர், தண்ணீர் டாங்க் என்று ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கிறோம். இஞ்சினின் பலத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நிறுத்தும் பலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

முதலில் எடைக் கணக்கு

விற்பனைக் காகிதத்தில் ‘இழுக்கும் திறன் 3,000 கிலோ’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை மட்டும் நம்பி டிரெய்லர் வாங்கக் கூடாது. வண்டியின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடைக்கு ஒரு வரம்பு, கொக்கியின் மேல் அழுத்தும் எடைக்கு ஒரு வரம்பு, ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு வரம்பு என்று இன்னும் பல உண்டு. இவற்றில் எது முதலில் நிறைகிறதோ அதுவே உங்கள் வரம்பு.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டக் கூடாது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 5,250 கிலோவைத் தாண்டக் கூடாது. குடும்பமும் பெட்டிகளும் ஏறி, டீசல் நிரப்பியதும் வண்டி மட்டும் 2,750 கிலோ ஆகிவிட்டது. மீதி 2,500 கிலோதான். காகிதத்தில் இருந்த 3,000 கிலோ எங்கே போயிற்று? குடும்பத்தோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அடுத்தது கொக்கி எடை. டிரெய்லரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுத்துவது நல்லது என்பது ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள பொது வழக்கம். நம் கணக்கில் அது 250 கிலோ. அதுவும் வண்டியின் எடையில் சேரும். 2,750 உடன் 250 சேர்ந்தால் 3,000. வரம்பு நிறைந்துவிட்டது. இனி வண்டிக்குள் ஒரு அரிசி மூட்டை ஏற்றினாலும் அது அதிகப்படிதான்.

கொக்கி பின் அச்சுக்கு நேர்மேலே இல்லை, அதற்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.75 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 250 கிலோ அழுத்தும்போது பின் அச்சில் கூடுவது 350 கிலோ. முன் அச்சில் 100 கிலோ குறைகிறது. ஏற்றமரம் போன்ற நெம்புகோல் கணக்குதான் இது. ஸ்டியரிங்கும் பெரும்பாலான பிரேக் பலமும் இருப்பது முன் சக்கரங்களில். அவை லேசானால் வண்டி சொன்னபடி கேட்காது.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டாம். லாரிகள் நிற்கும் எடை மேடையில் சில நிமிடங்களில் தெரிந்துகொள்ளலாம். டிரெய்லரைத் தனியாக நிறுத்தி ஒரு எடை, வண்டியில் மாட்டிய பிறகு டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கொக்கி எடை.

ஆர்மா கற்பித்த பாடம்

1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா என்ற ஊரிலிருந்து ஞாயிறு வேதப்பள்ளிக் குழந்தைகளையும் பெற்றோர்களையும் ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாசப் பயண ரயில் கிளம்பியது. மேடு ஏற இஞ்சினுக்குப் பலம் போதவில்லை. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோய் விட்டுப் பின்பாதிக்குத் திரும்பி வரலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த ரயிலில் இருந்த வேக்குவம் பிரேக், குழாயைக் கழற்றினால் விலகிவிடும் வகையைச் சேர்ந்தது. பின்பாதியைப் பிடித்து நிறுத்த ஒரு கைப்பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களும்தான் இருந்தன. இஞ்சின் கிளம்பும்போது சற்றுப் பின்னால் வந்து இடித்தது. கற்கள் நசுங்கிப் பின்பாதி சரிவில் உருண்டு, அடுத்து வந்த ரயிலில் மோதியது. 80 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

அதே ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. பயணிகள் ரயிலின் பிரேக் எல்லாப் பெட்டிகளிலும் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும், இணைப்பு அறுந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இன்று நம் ரயில்களிலும் அதே முறைதான். பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் இருக்கும் வரை பிரேக் விலகியிருக்கும். குழாய் அறுந்து காற்று வெளியேறினால் பிரேக் தானே இறுகும். ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் எவருக்கும் இது முதல் பாடம்.

சாலை டிரெய்லர்களுக்கும் பல நாடுகள் இதே கொள்கையை எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 750 கிலோ வரையுள்ள சிறு டிரெய்லருக்குப் பிரேக் இல்லாமல் போகலாம். அதற்கு மேல் 2,000 கிலோ வரை குறைந்தது ஓர் அச்சிலாவது பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் அறுந்து போனால் தானே பிடித்துக் குறைந்தது 15 நிமிடமாவது பிடித்தபடி இருக்கவும் வேண்டும். 2,500 கிலோவுக்கு மேல் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் கட்டாயம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1,360 கிலோ எடையிலேயே டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயமாகிறது.

நம் கணக்கு வண்டிக்கே வருவோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தனியாகப் போகும்போது, நல்ல சாலையில், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 35 மீட்டரில் அது நின்றுவிடும். பிரேக் இல்லாத 2,500 கிலோ டிரெய்லர் பின்னால் இருந்தால் 60 மீட்டரைத் தாண்டும். அதுவும் டிரெய்லர் நேர்கோட்டில் வந்தால்தான். வளைவில் பிரேக் போட்டால், பின்னாலிருந்து தள்ளும் டிரெய்லர் வண்டியைக் கத்தி மடிவதுபோல் மடக்கிவிடும்.

வடமாலபேட்டைச் சாலையில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் டிரெய்லரில் பெண்டு பிள்ளைகளை ஏற்றிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் ஆர்மாதான் நினைவுக்கு வருகிறது. சரக்கு ஏற்றும் டிரெய்லர் மனிதர்களுக்கானதல்ல. டிராக்டர் வைத்திருக்கும் உறவினர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனிப் பிரேக் பெடல் உண்டு. அது வயலில் திரும்புவதற்காக. சாலைக்கு வந்ததும் இரண்டையும் தாழ்ப்பாள் போட்டு ஒன்றாக இணைக்க வேண்டும். இல்லையேல் ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்து வண்டி சுழன்றுவிடும்.

வால் ஆடினால்

சுமையை டிரெய்லரின் பின்பக்கம் ஏற்றினால் கொக்கி எடை குறையும். அப்போது குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பெரிய லாரி முந்திப் போகும்போது அடிக்கும் காற்றே அதற்குப் போதும். கனமான பொருள்கள் டிரெய்லரின் அச்சுக்கு அருகிலும் சற்று முன்னாலும், தாழ்வாகவும் இருக்க வேண்டும். அண்டாவை முன்னால் வை, அப்பளப் பெட்டியைப் பின்னால் வை என்று நினைவில் கொள்ளலாம்.

ஆடத் தொடங்கிவிட்டால் மூன்று விஷயம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைத் திருத்துவதாக எண்ணி இப்படியும் அப்படியும் திருப்பாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். டிரெய்லர் பிரேக்குக்குத் தனியாகக் கைப்பிடி இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்துங்கள், பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் நேராகிவிடும். வேகம் கூட்டினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

ஆட்டத்துக்கு மூலகாரணங்களில் ஒன்று வேகம். அதனால்தான் டிரெய்லரோடு போகும் வண்டிக்குக் கலிபோர்னியாவில் மணிக்கு 55 மைல், பிரிட்டன் மோட்டார்வேயில் 60 மைல், நியூசிலாந்தில் 90 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இறக்கத்தில் கியரே துணை

திருமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். 1944-இல் திறந்த பழைய மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு, 1974-இல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. இறங்கும்போது அனுபவமுள்ள டிரைவர் கீழ்க் கியரிலேயே வண்டியை வைத்திருப்பார். ஓயாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம்மும் பேடும் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும்.

20 அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், 5,250 கிலோ கூட்டுவண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கினால், ஒவ்வொரு நொடியும் சுமார் 28 கிலோவாட் சக்தி எங்காவது போயாக வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் 28-ஐ ஒருசேரப் போட்டதற்குச் சமம். காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி பிரேக்கிலோ இஞ்சினிலோதான். டீசல் இஞ்சினின் தன்னியல்பான பிடிப்பு பெட்ரோல் இஞ்சினைவிடக் குறைவு. ஆகவே சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கீழ்க் கியருக்கு வந்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தாலும் கையால் கீழ்க் கியரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏற்றத்தில் கியர்பாக்ஸ் எண்ணெயும் ரேடியேட்டரும் சூடேறும். வெப்ப முள்ளைக் கவனித்து, வேண்டுமானால் ஓரமாக நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டே ஆறவிடுங்கள்.

புறப்படுமுன்

ரயில் கிளம்பும் முன் பரீட்சிப்பது போல் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கொக்கி பூட்டியிருக்கிறதா, பின் வெளியே வராமல் கிளிப் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். டிராக்டர்களில் பின்னுக்குப் பதிலாக ஒரு கம்பித் துண்டைச் செருகிப் போகிறார்களே, அந்த வழக்கம் வேண்டாம். சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். இணைப்பு அறுந்தாலும் டிரெய்லரின் மூக்கு சாலையில் குத்தாமல் அவை தாங்கும். விளக்குகளையும் இண்டிகேட்டர்களையும் வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துச் சரிபாருங்கள். டயரில் தேய்மானத்தை மட்டும் பார்க்காமல் வயதையும் பாருங்கள். வருடம் முழுதும் வெயிலில் நின்ற டிரெய்லர் டயர் உள்ளுக்குள் வெடித்திருக்கும்.

அரைமணி ஓட்டியதும் நிறுத்தி, ஒவ்வொரு டிரெய்லர் சக்கரத்தின் நடுவிலும் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ கெட்டிருக்கிறது. ரயில்வேயில் இதற்கு ஹாட் ஆக்ஸில் என்று பெயர். ஸ்டேஷனில் வண்டி உள்ளே வரும்போதே அதைத் தேடிக்கொண்டு நிற்பதற்கென்று ஆட்கள் உண்டு. உங்கள் காரவானுக்கு அந்த ஆள் நீங்கள்தான்.

இந்தியாவில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம் என்றே 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஆகவே பதிவும் இன்சூரன்சும் அதற்கும் வேண்டும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் அந்தந்த நாட்டு விதியையும், தங்கள் லைசென்ஸ் எவ்வளவு எடை வரை செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த முறை பிள்ளைகள் போனில், ‘அப்பா, புது வண்டி மூவாயிரம் கிலோ இழுக்கும்’ என்று பெருமையாகச் சொன்னால், சந்தோஷப்படுங்கள். கூடவே, ‘எவ்வளவு தூரத்தில் நிற்கும்?’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.