தடுமாறும் மோட்டருக்கு எந்த உணரி?

செயற்கைக் காலில் உடலோடு பொருந்தும் கிண்ணப் பகுதியை இப்போது முப்பரிமாண அச்சுப்பொறியிலும் செய்கிறார்கள். பல மணிநேர வேலை. இடையில் மோட்டர் சில படிகளைத் தவறவிட்டால், பிறகு வரும் அடுக்குகள் எல்லாம் விலகியே விழும். சாதாரணப் பொறிக்கு அது தெரியாது.

காரணம், ஸ்டெப்பர் மோட்டர். பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 200 படிகள், படிக்கு 1.8 பாகை. கட்டுப்பாட்டுப் பலகை தான் அனுப்பிய கட்டளைகளை மட்டுமே எண்ணும். தண்டு உண்மையில் திரும்பியதா என்று பார்த்துச் சொல்வது என்கோடர் எனும் நிலை உணரி.

ஒளியைக் கொண்டு கோடுகளை எண்ணும் வகை துல்லியமானது. ஆனால் தூசும் எண்ணெயும் அதற்குப் பகை. மின்சாரம் நின்றால் எண்ணிக்கையும் போய்விடும். காந்த வகை தூசைத் தாங்கும். ஏஎஸ்5600 என்ற சில்லு ஒரு சுற்றை 4096 நிலைகளாகப் பிரித்து, மின்சாரம் மீண்டதும் தண்டின் கோணத்தைச் சொல்லிவிடும். எத்தனையாவது சுற்று என்பதைச் சொல்லாது. அதற்குத் தொடக்கப்புள்ளியில் ஓர் ஆளி வேண்டும்.

மோட்டரில் பூட்டிய உணரிக்குப் பட்டி வழுக்கியது தெரியாது. அந்த ஐயம் இருந்தால், நகரும் பகுதியிலேயே நேர்கோட்டு உணரியைப் பூட்ட வேண்டும்.

எனவே விலையைக் கேட்குமுன் மூன்றைக் கேளுங்கள்: தூசு உண்டா? மின்வெட்டு வருமா? பிழை எங்கே நேர்கிறது? அளவு பிசகினால் உறுத்துவது அணிபவரின் உடலைத்தான்.