ஓட்ரி லோர்ட் சுவடிகள்: பகுக்கவொண்ணா ஒரு வாழ்வின் ஆவணங்கள்

நூலகத்தில் நூல்கள் பொருள்வாரியாகப் பகுக்கப்படுகின்றன. சுவடிக்கூடத்தின் நெறி இதனின்றும் வேறானது. ஒருவரின் தாள்கள், அவை எப்பொருளைப் பற்றியனவாயினும், அவற்றைத் தோற்றுவித்தவரின் பெயரின்கீழ் ஒரே தொகுதியாகப் பேணப்படுகின்றன. பிறருடைய தாள்களோடு கலக்கப்படுவதில்லை. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞரும் பெண்ணிலைவாதியுமான ஓட்ரி லோர்ட்டின் (1934–1992) சுவடிகளைப் பொறுத்தவரை இந்நெறி வெறும் தொழினுட்ப விதியன்று என்பதே எமது கருத்து.

கரீபியன் தீவுகளிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு நியூயோர்க்கில் பிறந்த லோர்ட், தம்மைக் கறுப்பர், லெஸ்பியன், தாய், போராளி, கவிஞர் என அடுக்கியே அறிமுகப்படுத்துவார். கறுப்பின இயக்கத்தினர் பலர் அவரது தன்பாலுறவைப் பேச விரும்பவில்லை. வெள்ளையினப் பெண்ணிலைவாதிகள் பலர் நிறவாதம் பற்றிய அவரது வினாக்களைத் தட்டிக்கழித்தனர். தம்மில் ஒரு கூற்றை ஏற்று ஏனையவற்றை மறைக்குமாறு கோரிய எத்தரப்புடனும் அவர் இணங்கிப்போகவில்லை. இவர் தொழில்முறை நூலகராகவும் இருந்தார் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. 1961 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலில் முதுமாணிப் பட்டம் பெற்று, 1968 வரை நூலகங்களிற் பணியாற்றினார். பட்டியல் அட்டையிலுள்ள ஒரு தலைப்பு எதனைக் காட்டும், எதனை மறைக்கும் என்பதை இத்தகையவர் அறியாதிருந்திருக்க முடியாது.

தம் தாள்களை அவர் ஸ்பெல்மன் கல்லூரிக்கு விட்டுச்சென்றமை இப்பின்னணியில் நோக்கத்தக்கது. லெஸ்பியன் பெண்களின் வரலாற்றைப் பேணுவதற்கென்றே 1974 இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்ட சுவடிக்கூடமொன்று அப்போது இருந்தது. பல்கலைக்கழகங்களைச் சாராதிருப்பதைக் கொள்கையாகக் கொண்டு, நெடுங்காலம் ஒரு வீட்டிலேயே அது இயங்கிற்று. ஸ்பெல்மனோ, அற்லாண்டா நகரில் 1881 இல் கிறித்தவ ஊழியத்தில் ஈடுபட்டிருந்த இரு பெண்களால் கறுப்பினப் பெண்களுக்கென நிறுவப்பட்டது. சமய மரபு ஆழ வேரூன்றிய அத்தகைய நிறுவனத்தில் ஒரு லெஸ்பியனின் நாட்குறிப்புகள் இடம்பெறுவது இலகுவான காரியமன்று. எனினும், இளங் கறுப்பினப் பெண்களின் கைக்கெட்டும் தூரத்தில் அவை இருத்தல் வேண்டுமெனில், இதனிற் சிறந்த இடம் வேறில்லை எனவே நாம் கருதுகின்றோம். அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளின் பின், 2009 இலேயே தொகுதி ஆய்வாளருக்குத் திறக்கப்பட்டது. சுவடிகளைப் பெறுவதோடு பணி முடிவதில்லை. அவற்றைப் பிரித்து, ஒழுங்குசெய்து, பட்டியலிட ஆளும் பணமும் வேண்டும்.

இச்சுவடிகளின் பெறுமதிக்கு அவரது புற்றுநோய் நாட்குறிப்புகள் நல்லதோர் சான்று. 1978 இல் அறுவைச் சிகிச்சையில் ஒரு மார்பகத்தை இழந்த லோர்ட், செயற்கை மார்பு அணிய மறுத்தார். அவ்விழப்பை மறைக்குமாறு பெண்களை வற்புறுத்தும் வழக்கத்தை 1980 இல் வெளியான அந்நூலில் கண்டித்தார். நூலில் நாட்குறிப்பின் சில பகுதிகளும் கட்டுரைகளும் விரவிவருகின்றன. அச்சேறியதையும் கைப்பட எழுதியதையும் ஒப்புநோக்கும் ஆய்வாளர், ஒரு பெண் தன் அச்சத்தில் எவ்வளவைப் பொதுவில் வைக்கத் துணிந்தாள் என்பதைக் காணலாம்.

ஆயினும் எத்தொகுதியும் முழுமையானதன்று. 1984 இல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில் ஜேர்மனியின் கறுப்பினப் பெண்களை ஒன்றுதிரள அவர் ஊக்கினார். அத்தொடர்பின் ஆவணங்கள் அப்பல்கலைக்கழகத்தில் உள்ளன. கடிதங்களின் நிலை இன்னும் விசித்திரமானது: ஒருவர் எழுதும் கடிதம் பெற்றவரிடமே தங்கிவிடுகின்றது. லோர்ட்டின் தோழியும் லெஸ்பியன் கவிஞருமான பாட் பார்க்கர் 1989 இல் மறைந்தார். அவரது தாள்கள் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஷிலெசிங்கர் நூலகத்தைச் சேர்ந்தன. இருவரும் பதினைந்தாண்டுக் காலம் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒரே நூலாக வெளிவந்தது 2018 இலேயே.