'போர்டு போச்சு' என்ற தீர்ப்புக்கு முன்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகிப்பாளர்களில் தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம். சரி, விண்டோஸ் 11க்குப் போய்விடலாம் என்று கிளம்பியவர்களிடம் கம்ப்யூட்டர் இரண்டு விஷயங்களைக் கேட்டது: சாவிகளைப் பத்திரமாக வைக்கும் டிபிஎம் 2.0, நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட். 2018க்குப் பிறகு வந்த பெரும்பாலான டெஸ்க்டாப்களில் இரண்டுமே உள்ளே இருக்கின்றன. ஆனால் பலவற்றில் அவை ஆன் செய்யப்படவில்லை. ஆன் செய்ய வேண்டுமானால், விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும் பயாஸின் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்.

அங்கேதான் பலருக்கும் முட்டுக்கட்டை. டெலிட் பொத்தானைத் தட்டித் தட்டி விரல் வலித்ததுதான் மிச்சம். விண்டோஸ் எதுவும் நடக்காததுபோல் வந்து நிற்கிறது. சிலருக்குத் திரை கறுத்து 'நோ சிக்னல்' என்று காட்டுகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், பத்து நிமிடத்தில் "போர்டு போச்சு சார், மாத்திடுங்க" என்ற பதில் கிடைத்துவிடுகிறது. விண்டோஸ் ஒழுங்காக ஓடுகிற கம்ப்யூட்டரில், பயாஸ் திறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மதர்போர்டை மாற்றச் சொல்வது அவசரத் தீர்ப்பு. பெரும்பாலும் கோளாறு கீபோர்டிலோ, மானிட்டர் கேபிளிலோ, விண்டோஸின் வேகத்திலோதான் இருக்கும்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியும் வந்தது. ஷட் டவுன் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் முழுசாக அணைவதில்லை. விண்டோஸின் கருப்பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு உறங்கப்போகிறது, மறுநாள் அங்கிருந்தே தொடர்கிறது. அதோடு எஸ்எஸ்டியும் சேர்ந்தால், பொத்தானைத் தட்டுவதற்குக் கிடைக்கும் இடைவெளி ஓரிரு நொடிதான். ஆகவே ஷட் டவுன் செய்து பவர் பொத்தானை அழுத்துவதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பது நல்லது. பொத்தானை அழுத்திப் பிடிக்காமல், திரை இருண்ட கணத்திலிருந்து விட்டுவிட்டுத் தட்ட வேண்டும்.

எந்தப் பொத்தான்? டெல் கம்ப்யூட்டரில் எஃப்2. எச்பியில் எஃப்10. லெனோவோவின் திங்க்சென்டர் வகையில் எஃப்1. அசெம்பிள் செய்த பெட்டியென்றால் கேபினட்டின் பெயரைப் பார்த்துப் பயனில்லை, உள்ளே இருக்கும் போர்டின் பெயர்தான் கணக்கு. ஏசூஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் நான்கிலும் பொதுவாக டெலிட். மல்டிமீடியா கீபோர்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எஃப்2ஐ அழுத்தினால் அது சத்தத்தைக் கூட்டுகிற, குறைக்கிற பொத்தானாக வேலை செய்துகொண்டிருக்கலாம்.

கீபோர்டே குற்றவாளியாக இருப்பதும் சகஜம். புளூடூத் கீபோர்டு, பெரும்பாலும் விண்டோஸ் எழுந்த பிறகுதான் உயிர் பெறும்; அதற்கு முன் தட்டுவதெல்லாம் வீண். ஹப்பிலோ கேபினட்டின் முன்பக்கத்திலோ செருகியிருந்தால் எடுத்து, பின்பக்கத்தில் போர்டோடு ஒட்டிய யூஎஸ்பி 2.0 துளையில் செருகிப் பார்க்க வேண்டும். பழைய கம்பி கீபோர்டு ஒன்று பரணில் கிடந்தால் அதற்கு இப்போது வேலை வந்திருக்கிறது. சில போர்டுகளில் 'அல்ட்ரா ஃபாஸ்ட் பூட்' என்று ஒரு செட்டிங் உண்டு. யாரேனும் அதை ஆன் செய்துவிட்டால் யூஎஸ்பி கீபோர்டை விழிக்கவைக்காமலேயே பயாஸ் விண்டோஸுக்குத் தாவிவிடும். எந்தக் கீபோர்டை மாற்றினாலும் பலன் இருக்காது.

அப்போதும் வழி இருக்கிறது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்று போய் 'அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப்' எதிரே உள்ள 'ரீஸ்டார்ட் நவ்'வை அழுத்த வேண்டும். ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தாலும் அதே நீலத்திரை வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்' என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால், எந்தப் பொத்தானையும் தட்டாமல் கம்ப்யூட்டர் தானே பயாஸ் திரையில் போய் நிற்கும். அந்தக் கடைசி வரி பட்டியலிலேயே இல்லையென்றால் பதற்றம் வேண்டாம். விண்டோஸ் பழைய 'லெகஸி' முறையில் நிறுவப்பட்டிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திரையில் 'பயாஸ் மோட்' என்ற வரி அதை உறுதி செய்யும்.

திரை கறுத்துப்போகிறவர்களின் கதை வேறு. பயாஸ் உள்ளே திறந்துதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. இரண்டு மானிட்டர் இருந்தால் பயாஸ் ஏதோ ஒன்றில் மட்டும் தோன்றும். அது அணைத்து வைத்த மானிட்டராகவும் இருக்கலாம். டிவியை மானிட்டராக வைத்திருந்தால் அது கண் விழிப்பதற்குள் பயாஸ் கடந்துபோய்விடும். பழைய கிராஃபிக்ஸ் கார்டு, பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ முறையில் படம் காட்டத் தெரியாமல் விழிப்பதும் உண்டு. கேபிளை வேறு துளையில் மாற்றுவது, ஒரே ஒரு மானிட்டரோடு முயல்வது, பிராசஸரில் கிராஃபிக்ஸ் வசதி இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு போர்டின் எச்டிஎம்ஐயில் செருகுவது: செலவில்லாத இந்த மூன்றையும் செய்து பார்க்காமல் எந்தக் கடைக்கும் போகக்கூடாது.

அடுத்தது பேட்டரி. போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல் உட்கார்ந்திருக்கும் சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்தால் கம்ப்யூட்டரின் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். வங்கி இணையதளங்கள்கூட 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கும். 'அதைக் கழற்றி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது ஊரறிந்த வைத்தியம். பயாஸ் செட்டிங்ஸ் பொதுவாக ஆதி நிலைக்குத் திரும்புவதால், அல்ட்ரா ஃபாஸ்ட் பூட் போன்ற சிக்கல்கள் இதில் உண்மையிலேயே தீரும்.

ஆனால் இந்த வைத்தியத்தில்தான் மிகப் பெரிய ஆபத்தும் இருக்கிறது.

இன்றைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, உரிமையாளருக்கே தெரியாமல். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கம்ப்யூட்டர்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாகவே ஆன் ஆகிவிடும். அதன் சாவி டிபிஎம்முக்குள் இருக்கிறது. செக்யூர் பூட்டை மாற்றினாலோ, பயாஸை ஆதி நிலைக்குக் கொண்டுபோனாலோ டிபிஎம்முக்குச் சந்தேகம் வந்து, 48 இலக்க ரிகவரி எண்ணைக் கேட்கும் நீலத்திரை வரலாம். ஏஎம்டி கம்ப்யூட்டர்களில் சில சமயம் இன்னும் நேரடியான ஒரு கேள்வி வரும்: எஃப்டிபிஎம்மை (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) ரீசெட் செய்ய ஒய் அழுத்து, பழையதை வைத்துக்கொள்ள என் அழுத்து. பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு இருந்தால் ரிகவரி எண் இல்லாமல் சிஸ்டம் எழாது என்ற எச்சரிக்கையும் அந்த வரியிலேயே இருக்கிறது. அவசரத்தில் அதைப் படிக்காமல் ஒய் அழுத்துகிறவர்கள் உண்டு. எண் கையில் இல்லையென்றால் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும் கடைக் கணக்கும் போனது போனதுதான். மைக்ரோசாஃப்டாலும் அந்த எண்ணைப் புதிதாக உருவாக்கித் தர முடியாது. எனவே பயாஸில் எதைத் தொடுவதற்கு முன்பும் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் நுழைந்து அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்கில் நகலெடுத்தும் வைக்க வேண்டும். பயாஸ் திறந்தவுடன் ஒவ்வொரு திரையையும் செல்போனில் படம் எடுத்துவைப்பதும் உதவும்.

உண்மையிலேயே பயாஸ் சேதமாவது நடக்காத விஷயமல்ல. தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் 1998இல் எழுதிய சிஐஎச் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் கம்ப்யூட்டர்களின் பயாஸ் சிப்பில் குப்பையை எழுதி அவற்றை எழவிடாமல் செய்தது. வைரஸே இல்லாமலும் நடந்திருக்கிறது. 2017இல் வெளியான உபுண்டு 17.10, லெனோவோ உள்ளிட்ட சில லேப்டாப்களில் பயாஸ் செட்டிங்ஸை மாற்றிச் சேமிக்க முடியாதபடி கெடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பதிவிறக்கத்தையே நிறுத்திவிட்டு, 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். காரணம், சிப்பைத் தொடும் ஒரு டிரைவர்.

இப்படிச் சேதமானாலும் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான போர்டுகளில் பயாஸ் இருப்பது எட்டுக் கால் கொண்ட ஒரு சிறு சிப்பில். அனுபவமுள்ள தொழில்நுட்பர் அதில் மென்பொருளைத் திரும்ப எழுதிவிடுவார். பழைய உள்ளடக்கத்தை முதலில் நகலெடுக்கச் சொல்லுங்கள்: பிராண்டட் கம்ப்யூட்டர்களில் சீரியல் எண்ணும் விண்டோஸ் உரிம எண்ணும் அங்கேயே இருக்கும். இன்டர்நெட்டில் கிடைத்த பொதுவான கோப்பை எழுதினால் இரண்டும் காணாமல்போகலாம். மற்றபடி, பயாஸ் திறக்கவில்லை என்பதற்காக வீட்டிலேயே பயாஸ் அப்டேட் போட்டுப் பார்ப்பது வேண்டாத வேலை. பாதியில் கரண்ட் போனால் இல்லாத கோளாறை உண்டாக்கிக்கொண்டதாகிவிடும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பழைய கார்ப்பரேட் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு வேறொரு தலைவலி: பயாஸ் திறக்கும், ஆனால் பாஸ்வேர்டு கேட்கும். முந்தைய கம்பெனியின் ஐடி பிரிவு வைத்தது. பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்ற காலம் மலையேறிவிட்டது. அலுவலகத்துக்கென்று செய்யும் பல மாடல்களில் பாஸ்வேர்டு, மின்சாரம் இல்லாமலும் அழியாத இடத்தில் பதிந்திருக்கிறது. டெல் ஆப்டிபிளெக்ஸ் டெஸ்க்டாப்கள் பலவற்றில் அதை நீக்கவென்றே போர்டில் ஒரு ஜம்பர் உண்டு. உற்பத்தியாளரின் உதவியை நாடினால் உரிமைக்கான சான்று கேட்பார்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே கடையில் நின்று பயாஸைத் திறந்துகாட்டச் சொல்வதும், சீரியல் எண் எழுதிய பில் வாங்குவதும்தான் பாதுகாப்பு. பெட்டி திருட்டுப் பொருளாக இருந்தால் அந்தப் பில்தான் வாங்கியவரின் முதல் சாட்சி.

பில் தராமல் இருப்பதே, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே வகைதான். சர்வீஸும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. கேட்காமல் டிஸ்கை ஃபார்மட் செய்வதும், நல்ல போர்டைக் கெட்டதென்று சொல்லி மாற்றுவதும் புகார் கொடுக்கத்தக்க விஷயங்கள். என்ன கோளாறு, என்ன செலவு என்று எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். கழற்றிய பழைய போர்டைத் திருப்பிக் கேளுங்கள். வாரன்டி இருக்கும்போது கேபினட்டைத் திறக்கும் முன் வாரன்டி அட்டையின் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துத் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பில், எஸ்டிமேட், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், கம்ப்யூட்டர் திரையின் படம் ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.