சுழி பார்ப்பவர்களே, லத்தியையும் பாருங்கள்!

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழா வந்தால், குதிரைச் சந்தையும் கூடவே வந்துவிடும். வாங்க வந்தவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், வயது தெரிந்துவிடும். பிறகு நெற்றி, கழுத்து, மார்பு என்று சுழி தேடுவார். நடக்கவிட்டுப் பார்ப்பார். விலை படிந்துவிடும். லட்சங்கள் கைமாறும் அந்த இடத்தில், குதிரை போட்ட லத்தியைக் குனிந்து பார்ப்பவர் அபூர்வம். குதிரையின் ஜாதகம் சுழியில் இருக்கிறதோ இல்லையோ, லத்தியில் நிச்சயம் இருக்கிறது!

மேய்கிற குதிரையின் வயிற்றில் புழு இல்லாமல் இருக்காது. கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை, பெருகினால்தான் ஆபத்து. ஒரு வகைப் புழுவின் குஞ்சுகள் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் புகுந்து, அங்கே ரத்தம் உறையக் காரணமாகின்றன. இன்னொரு வகை சின்னஞ்சிறியது. குடல் சுவருக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, ஒரே நேரத்தில் கூட்டமாக வெளியே வரும். அப்போது கடும் வயிற்றுப்போக்கு கண்டு, நன்றாக இருந்த குதிரையே சில நாளில் எலும்பும் தோலுமாகிவிடும். குட்டிகளுக்கு வருவது உருண்டைப்புழு. ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளர்ந்து, குடலையே அடைத்துவிடக்கூடியது.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. வயிற்றில் எது சிக்கினாலும் மேலே வர வழியில்லை. அதனால்தான் வயிற்றுவலி அதற்கு உயிர்ப் பிரச்னை. அடிக்கடி திரும்பி வயிற்றைப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைக் கீறுவது, படுத்துப் புரள்வது... இவற்றில் எதைக் கண்டாலும் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் டாக்டரை அழையுங்கள்.

‘சரி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து கொடுத்துவிட்டால் போச்சு’ என்கிறீர்களா? பல காலம் உலகம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். விளைவு, மருந்துக்கு அடங்காத புழுக்கள். ஐவர்மெக்டின் 1981-ல் சந்தைக்கு வந்தபோது அது அதிசய மருந்து. கால்நடைகளுக்காக வந்த அதே மருந்துதான் பிறகு ஆப்பிரிக்காவில் ‘ஆற்றுக் குருட்டு’ நோயிலிருந்து லட்சக்கணக்கான மனிதர்களின் பார்வையைக் காப்பாற்றியது. கண்டுபிடித்த வில்லியம் கேம்ப்பெல், சடோஷி ஓமுரா இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அப்பேர்ப்பட்ட மருந்துக்கே இன்று பல நாடுகளில் குட்டிகளின் உருண்டைப்புழு அசைந்துகொடுப்பதில்லை.

ஆகவே, முதலில் எண்ணுங்கள், பிறகு கொடுங்கள். புது லத்தியில் கொஞ்சம் எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று கணக்கிடுவார்கள். வளர்ந்த குதிரைக்கு 200-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 500-ஐத் தாண்டினால், அதுதான் லாயத்துக்கே புழு பரப்பும் குதிரை. பொதுவாக 20 சதவீதக் குதிரைகள்தான் 80 சதவீத முட்டைகளைப் போடுகின்றன. மருந்து கொடுத்து 14 நாள் கழித்து மறுபடி எண்ணினால், மருந்து வேலை செய்ததா என்பதும் தெரிந்துவிடும்.

எடையைக் கண்ணால் மதிப்பிட்டு மருந்தைக் குறைத்துக் கொடுப்பது, கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். புழுவுக்குப் பயிற்சி கொடுப்பது மாதிரி அது! தையல்காரரின் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் சுமார் 246 கிலோ. எந்த மருந்து, எவ்வளவு என்பதை இந்தக் கணக்கோடு டாக்டரிடம் கேளுங்கள்.

செலவே இல்லாத வைத்தியமும் ஒன்று உண்டு. மேய்ச்சல் இடத்தில் வாரம் இரண்டு முறை லத்தியை அள்ளிவிடுவது. அள்ளியதை நன்றாக மட்கவைத்தால் அந்தச் சூட்டில் முட்டைகள் செத்துவிடும். கொள்ளையும் புல்லையும் தரையில் கொட்டாமல் தொட்டியில் வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. வீட்டு விலங்குகளில் டெட்டனஸுக்கு மிக எளிதில் இரையாவது குதிரைதான். லாட ஆணி குத்தினாலே போதும். எனவே தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். குளம்பு சீவ 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை, பல்லின் கூர்முனைகளைத் தேய்க்க வருடத்துக்கு ஒருமுறை. விட்டுவிட்டு காய்ச்சல், நன்றாகத் தின்றும் மெலிவு, காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம் என்றால், கடிக்கும் ஈக்கள் பரப்பும் ‘சர்ரா’வாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரியும், இதற்குத் தடுப்பூசி கிடையாது.

சந்தையில் புதிதாக வாங்கிய குதிரையை அன்றைக்கே மற்றவற்றோடு கட்டிவிடாதீர்கள். இரண்டு, மூன்று வாரம் தனியாக வைத்து, லத்தியைச் சோதித்து, தேவையான மருந்தும் கொடுத்த பிறகு லாயத்துக்குள் விடுங்கள்.