சுவரில் பூஞ்சணமா? முதலில் நனையுங்கள்

ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் நம் தங்கவயல் லைன் வீடுகளில் சுவர் மூலைகளிலும் பீரோவின் பின்புறத்திலும் கரும்பச்சைப் புள்ளிகள் தோன்றும். இதுவே பூஞ்சணம். கண்ணுக்குத் தெரியாத இதன் வித்துகள் காற்றில் கலந்து இருமலையும் ஆஸ்துமாவையும் தூண்டும். 2001-ல் மூடப்பட்ட சுரங்கத்தில் கல்தூசியைச் சுவாசித்து, சிலிகோசிஸ் நோய் கண்ட பெரியவர்கள் உள்ள வீட்டில் இதை அலட்சியம் செய்யலாகாது.

காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறையெங்கும் பறக்கும். சுரங்கத்தில் தூசி அடங்கத் தண்ணீர் விட்டுத் துளையிடுவார்கள் அல்லவா? அதுபோல முதலில் நனைத்து, பிறகு சோப்பு நீரால் தேய்க்க வேண்டும். நோயாளியை வெளியே அமர்த்திவிட்டு, முகக்கவசம் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து இதைச் செய்யுங்கள். கறை போகாவிட்டால் ப்ளீச்சிங் பவுடர் கரைசலைப் பூசலாம். அதனுடன் கழிப்பறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது; நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

ஈரம் இருக்கும்வரை பூஞ்சணம் திரும்ப வரும். அதன் மேல் பெயிண்ட் அடிப்பது மூடி மறைப்பதே ஆகும். கூரை ஒழுக்கையும் குழாய்க் கசிவையும் அடையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். ஈரத்துணியை அறைக்குள் உலர்த்தாதீர்கள். ரயில் பாதையில் நாங்கள் முதலில் பார்ப்பது வடிகாலைத்தான். வீட்டுக்கும் அதுவே விதி.